நிலத்தடி நீர் கெட்ட ஊரில் உடல்நலச் சோதனை: எதைச் சோதிப்பது, யாரிடம் பணம் வாங்குவது?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில், ஒரு தொழிற்பகுதிக்குக் கீழ்ச்சரிவில் இருக்கும் சிறிய ஊராட்சியிலிருந்து இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. என் கேள்வியில் அதுவும் ஒரு பகுதி.

எங்கள் ஊரில் ஏறத்தாழ நானூறு வீடுகள். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்பு கிணற்றையும் போரையும் நம்பித்தான் எல்லோரும் இருந்தோம். இப்போது கூட்டுக் குடிநீர் நான்கு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் வருகிறது. அதைக் குடிக்க மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, சமையலுக்கும் குளிப்பதற்கும் மாட்டுக்கும் போர்த் தண்ணீரையே புழங்குகிறோம். சில போர்களின் தண்ணீர் குடத்தில் ஓர் இரவு இருந்தால் மஞ்சள் பூக்கிறது. வேறு சிலவற்றில் நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனியார் மருத்துவமனையும் ஒரு நிறுவனமும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்தினார்கள். நூற்று அறுபது பேர் இரத்தம் கொடுத்தோம். சர்க்கரை அளவை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். மற்ற முடிவுகள் பிறகு வரும் என்றார்கள். இன்றுவரை ஒரு தாளும் வரவில்லை. என் தாயார் சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார், இப்போது கேட்பதில்லை.

இந்த நிலையில் ஓர் ஏற்றுமதி நிறுவனம், தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் ஊரில் ‘புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்’ நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இளைஞர்கள் பலர் வரட்டும் என்கிறார்கள். பெரியவர்கள் தயங்குகிறார்கள். தண்ணீர் கெட்ட ஊர் என்று வெளியே பெயராகிவிட்டால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிப்பார்கள், பால் சங்கத்தில் பேச்சு கிளம்பும், விவசாய நிலத்துக்கு விலை போகாது என்பது அவர்கள் கவலை. அதைத் தவறு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இந்த முகாமை ஏற்கலாமா? ஏற்காவிட்டால், எங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய சோதனை எது, அதற்கான பணத்தை எங்கிருந்து திரட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஆய்வகத்தார்

தண்ணீர் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உடம்பைச் சோதிக்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீரில் இருப்பது என்னவென்று தெரியாமல் இரத்தம் எடுத்தால், எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குச் சொல்ல உங்களிடம் ஒன்றுமே இருக்காது. நூற்று அறுபது பேரின் இரத்தத்தில் சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஊருக்கு ஒரு மாதிரி எடுத்தால் போதும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நம் பகுதியின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் அதன் பிளவுகள் வழியாகத்தான் நகர்கிறது. ஒரு பிளவின் மேல் போட்ட போரில் கழிவு வந்து சேரும்; ஐம்பது அடி தள்ளி வேறு பிளவில் இறங்கிய போர் நன்றாகவே இருக்கும். இதனால்தான் ஒரே தெருவில் ஒருவர் தண்ணீர் கெட்டுவிட்டது என்றும் அடுத்த வீட்டார் அப்படி ஒன்றும் இல்லை என்றும் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். ஊரின் எல்லாத் திசைகளிலிருந்தும், ஆழம் குறைந்தவை, ஆழம் மிகுந்தவை என இரு வகையிலும் குறைந்தது முப்பது இடங்களில் எடுங்கள். மழைக்கு முன்பு மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சனவரியில் ஒரு முறையும் எடுத்தால்தான் படம் தெளியும்.

கையடக்க டி.டி.எஸ். கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் முழுவதும் அளந்து திரிவதை இப்போது எங்கும் பார்க்கிறேன். அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை மட்டுமே சொல்லும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீரில் கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை என்றும் அளவு வைத்திருக்கிறது. குரோமியத்துக்கோ அதே தரத்தில் எல்லை 0.05 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01. இவ்வளவு நுண்ணிய அளவு அந்தக் கருவியில் அசைவையே ஏற்படுத்தாது. கருவி 400 காட்டுகிறது என்று மகிழ்ந்து குடிக்கிற தண்ணீரில் ஈயம் இருக்கலாம். 1800 காட்டுகிற தண்ணீரில் வெறும் உப்பு மட்டுமே இருக்கலாம். மேலும் ஒன்று: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அடர்த்தி கூடத்தான் செய்யும். இதை வீட்டுப் பெண்களிடம் சொல்லிப் புரிய வைப்பதே பாதி விழிப்புணர்வு வேலை.

மாதிரி எடுக்கும்போது போரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்தது போனபின் பிடிக்க வேண்டும். உலோகங்களுக்கான குப்பியில் ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டு முடிவில் குறைந்துபோகும். கிருமிக்கான குப்பி தனி. அது பனிக்கட்டியில் போக வேண்டும். நாள், நேரம், போரின் ஆழம், எடுத்தவர் பெயர், சாட்சி ஒருவரின் கையெழுத்து ஆகியவை குப்பியோடு சேர்ந்து செல்ல வேண்டும். பின்னாளில் இந்த முடிவை எவராவது மறுத்தால், உங்களைக் காப்பது எண் அல்ல, இந்தக் கையெழுத்துகள்.

உடம்பைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். குரோமியம், புளோரைடு இரண்டையும் சிறுநீரில் அளக்கலாம். ஆனால் அது அண்மையில் உட்கொண்டதையே காட்டும். இரத்தத்திலுள்ள ஈயத்தில் பாதி ஏறத்தாழ ஒரு மாதத்தில் குறைந்துவிடுகிறது. பத்தாண்டுக்கு முன்பு குடித்த தண்ணீரை இன்றைய இரத்தத்தில் தேடினால் கிடைக்காது. ஆகவே, இன்னும் போர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் யாரோ அவர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஆர்வத்தோடு முகாமுக்கு வந்து வரிசையில் நிற்பவர்களை அல்ல.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

மேலே உள்ள நண்பர் கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஊரில் இன்னும் போர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள், தம்பி. குழாயின் கடைக்கோடியில் இருக்கும் காலனிக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நிறுத்தும் நேரம் வந்துவிடும். அடுத்து, தறிக்கூடத்துக்கும் ஆலைக்கும் பக்கத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் வீட்டுக்காரர் போட்ட போர்தான் எல்லாவற்றுக்கும். அவர்கள் பெயர் உங்கள் ஊர் ரேஷன் கணக்கில் இருக்காது. நானூறு வீடு என்று நீங்கள் சொன்னதிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். துண்டறிக்கையைத் தமிழில் மட்டும் அடித்துக் கொடுத்தால் அது அவர்களைச் சேராது. இந்தி தெரிந்த ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் பணிமுறை முடிந்து திரும்பும் இரவு நேரத்தில் போய்ப் பேச வேண்டும்.

புற்றுநோய் முகாமைப் பற்றி என் கருத்து இது. ஒரு குழல் இரத்தத்தை எடுத்து இன்னாருக்குப் புற்றுநோய், இன்னாருக்கு இல்லை என்று சொல்லிவிடும் பொதுச் சோதனை கிடையாது. நோய்க்குறி இல்லாதவர்களிடம் சில கட்டிக்குறியீட்டுச் சோதனைகளை (புற்றுக்கட்டி இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய பொருள்களை அளப்பவை) நடத்தினால், இல்லாத நோய்க்கு அஞ்சி அலைவோர்தான் மிகுவர். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும் நிலைபெற்ற சோதனைகள் உண்டு. அவற்றை முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசு நிலையங்களிலேயே கட்டணமின்றிச் செய்கிறார்கள். செய்துகொள்வது நல்லதே. ஆனால் அந்தச் சோதனையின் முடிவு உங்கள் தண்ணீரைப் பற்றி எதையும் சொல்லாது. உங்கள் ஊரில் புற்றுநோய் மிகுதியா என்று அறிய வேண்டுமானால், அடையாறு புற்றுநோய் நிலையம் ஒருங்கிணைக்கும் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டு விவரங்களை மாவட்டச் சுகாதார அலுவலர் வழியாகக் கேட்பதே முறை. அங்கும், நானூறு வீட்டுக் கணக்கில் இரண்டு மூன்று நோயாளிகள் கூடினாலும் குறைந்தாலும் அது தற்செயலா இல்லையா என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே உள்ளதை முதலில் பயன்படுத்துங்கள். வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒதுக்கீட்டின் 2 சதவீதம் வரை தண்ணீரின் தரக் கண்காணிப்புக்குச் செலவிட இடம் உண்டு. ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டுதல். உங்கள் ஊராட்சியில் அந்த ஐவர் யார், பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பல ஊர்களில் அது உறை பிரிக்காமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் பொதுவாகக் குரோமியமும் ஈயமும் வராது. ஆனால் நைட்ரேட்டும் புளோரைடும் வரும். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் வீட்டுக்கு நைட்ரேட் அளவு தெரிவது அவசரமான காரியம். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் பால் கலந்தால், குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயக்கூடும். தொழிற்சாலைக் கழிவை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தால் உரத்தாலும் சாக்கடையாலும் கோழிப்பண்ணையாலும் வருகிற இந்தக் கேடு கண்ணில் படாது. உலோகங்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேட்டுவிட்டு, அங்கு இல்லாததற்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்குப் போகலாம்.

பெயர் கெடும் என்ற பெரியவர்களின் அச்சத்துக்கு வருகிறேன். வீட்டு வாரியான முடிவு வீட்டுக்கு மட்டும் மூடிய உறையில் போக வேண்டும். ஊருக்குப் பொதுவாகச் சொல்வது போர்களின் நிலை மட்டுமே. அதுவும் நல்ல போர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முப்பதில் பதினெட்டு நன்றாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். முடிவு வாசிக்கும் கூட்டத்துக்குச் செய்தியாளரை அழைக்க வேண்டாம். இதை எல்லாம் முன்பே எழுதி, மார்ச் 22 அன்று உலகத் தண்ணீர் தினத்துக்காக நடக்கும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்டால், பிறகு வருகிற எந்த நிறுவனமும் அந்தத் தீர்மானத்துக்கு உட்பட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை

நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உடல்நலம், பாதுகாப்பான குடிநீர், மண் நீர் காற்றின் தரம் ஆகிய மூன்றும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன; நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது பிச்சை அல்ல. நீங்கள் தரும் திட்டமும் அவர்களுக்குத் தேவையானதே.

ஆனால் ஒரு வரம்பை நினைவில் வையுங்கள். வேறு சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனம் செய்தே ஆக வேண்டிய எதையும் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுத முடியாது. கழிவைச் சுத்திகரிப்பதோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த இழப்பீட்டைக் கட்டுவதோ இதில் வராது. எனவே பணம் தருகிற நிறுவனத்தின் பெயரில் வாரியத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கடனை அடைக்க வேண்டியவர் அதையே கொடையாகக் காட்டிக்கொள்ள நீங்கள் உடந்தையாகக் கூடாது.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை விடாமல் எழுதுங்கள். முடிவுகள் ஊருக்கு உரியவை, நிறுவனத்தின் இசைவின்றியே வெளியிடலாம். ஆய்வகத்தை ஊராட்சியும் ஆரம்பச் சுகாதார நிலையமும் தேர்வு செய்யும். மொத்தத் தொகையில் பாதி, சோதனைக்குப் பின் வரும் சிகிச்சைக்கும் மாற்றுத் தண்ணீருக்கும் ஒதுக்கி வைக்கப்படும். கடைசி வரிதான் பேச்சுவார்த்தையில் முதலில் வெட்டப்படும். முகாமுக்குப் பந்தல் போட்டால் படம் எடுக்கலாம். ஒரு பாட்டியை மாதம் ஒரு முறை பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போகும் பேருந்துக் கட்டணத்தைப் படம் எடுக்க முடியாது, ஆகவே அதற்குப் பணம் தர யாருக்கும் மனம் வராது. அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததே மறுபடியும் நடக்கும்.

கேட்கும் காலமும் முக்கியம். செலவாகாத தொகையைக் கரைக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிப்ரவரி, மார்ச்சில் வருகிற பணம் பெரும்பாலும் ஒரு நாள் முகாமாகத்தான் முடியும். ஏப்ரல், மே மாதங்களில் போய், தொடக்க ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை நீடிக்கும் தொடர்திட்டமாகக் கேளுங்கள். விதி அதற்கு இடம் தருகிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி என்றாலும், அது கட்டடம், தொட்டி போன்ற நிலையான சொத்துகளுக்கானது. சோதனைச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

பட்டறைக்காரர்

நான் திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை வைத்திருப்பவன். சாயம், தோல் என்றாலே அனைவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாங்கள் பட்ட பாட்டை நாங்கள்தான் அறிவோம். அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்ய வாங்கிய கடனை இன்னும் கட்டுகிறேன். இருந்தாலும் அதற்கு முன்பு ஆற்றில் போனது எங்கள் தண்ணீர்தான் என்பதை மறுக்கவில்லை. ஒரு யோசனை: ஒரு நிறுவனத்தின் பணமாக வாங்காமல், பல நிறுவனங்களிடமிருந்து வாங்கி மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலுள்ள ஒரு கணக்கில் போடச் சொல்லுங்கள். யார் பணம் யாருக்குப் போனது என்ற பேச்சு எழாது. எவரும் முடிவில் கைவைக்கவும் முடியாது. சட்டம் கட்டாயப்படுத்தாத என்னைப் போன்ற சிறியவர்களும் அதில் சேரலாம்.

ஆயக்கட்டுக்காரர்

பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டதற்கு நன்றி; அதைச் சொல்ல எளிதில் யாருக்கும் வாய் வராது. எங்கள் நிலம் நொய்யல் ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. 1992இல் பாசனத்துக்கென்று முடித்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாகி, திறந்தால் பயிருக்குக் கேடு, மூடி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகளுக்குக் கேடு என்று ஆனது அனைவரும் அறிந்த கதை. 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தியது. அதன்பின் அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதி விவசாயிகளுக்கும் இழப்பீட்டைக் கணக்கிட்டது. அந்தக் கணக்கு நிலத்தையும் விளைச்சலையும் வைத்துப் போடப்பட்டது. அந்த நிலத்தில் களை எடுத்த பெண்ணின் கை கால் புண்ணுக்கு அதில் வரிசை எண் இல்லை, ஏனென்றால் காட்ட எங்களிடம் ஆவணமே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மாசினால் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரலாம். ஆனால் அதற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் போக வேண்டும். சோதனை முடிவு கையில் வருகிற நாளில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்று கேட்டு வையுங்கள். வழக்குப் போடுவீர்களோ இல்லையோ, தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இவற்றை எல்லாம் படியெடுத்து, மாரியம்மன் கோயில் திண்ணையில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டினேன். மூடிய உறை என்ற இடத்தில்தான் அவர்கள் முகம் தெளிந்தது. நல்ல போர்களின் பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாம், கெட்டதை அந்தந்த வீட்டுக்கு மட்டும் சொல்லலாம் என்றார்கள். குழந்தைகள் பக்கத்து வீட்டிலும் தண்ணீர் குடிப்பார்களே என்று ஓர் அம்மா கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. குடிக்கக் கூடாத போர்களின் குழாயில் சிவப்புச் சாயம் பூசுவது என்று இப்போதைக்கு நிற்கிறது, அதற்கும் இரண்டு வீட்டார் இன்னும் இசையவில்லை.

நிறுவனத்திடம் புற்றுநோய் முகாம் வேண்டாம், முப்பத்திரண்டு இடங்களில் இரண்டு முறை தண்ணீர்ச் சோதனையும் அதைத் தொடர்ந்து மூன்று ஆண்டுத் திட்டமும் வேண்டும் என்று எழுதப்போகிறோம். பல நிறுவனங்கள் சேர்ந்த பொதுக் கணக்கு என்ற யோசனையையும் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கிறோம். லைன் வீடுகளை நேற்று எண்ணிப் பார்த்தோம், ஐம்பத்தேழு அறைகள். நானூறு என்று நான் எழுதியதில் அவை இல்லைதான்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

ஐம்பத்தேழு அறை என்றால் இருநூறு பேராவது இருப்பார்கள். தீபாவளிக்கும் அதையொட்டி வருகிற சத் பூசைக்கும் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால், அவர்களுக்கான சிறுநீர்ச் சோதனையை அந்த வாரங்களில் வைக்க வேண்டாம். போய்த் திரும்பியவுடன் எடுத்தாலும் உங்கள் ஊர்த் தண்ணீர் அதில் தெரியாது. சிவப்புச் சாயத்துக்கு இசையாத இரண்டு வீட்டாரிடம் நீங்கள் பேசாமல், அங்கன்வாடிப் பணியாளரை அனுப்பிப் பாருங்கள். முதல் மாதிரியை மே மாதக் கடைசிக்குள் எடுப்பதாக இருந்தால், குப்பிகளுக்கு ஆய்வகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.